கொசுவலைக்குள் ஒரு பூசணிக்கொடி

பூசணிப் பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அது அழுகி விழுந்துவிடும் என்று முப்பத்தாறு வயது வரைக்கும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாய்ப்பேச்சுக்கு நம்புவது என்று ஒன்று உண்டே, அது இல்லை. இந்த நம்பிக்கைக்காக அட்டையில் எச்சரிக்கைப் பலகை எழுதித் தொங்கவிட்டவன் நான். வீட்டுக்காரரின் இரண்டு கைகளிலும் காபியையும் பலகாரத்தையும் கொடுத்து அவர் விரல்களைப் பூட்டியவன். பக்கத்து வீட்டு அக்காவோடு ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தவன்.

திருப்பத்தூர்ப் பக்கம் நான் வளர்ந்த தெருவில் இதை யாரும் தனியாகச் சொல்லித் தருவதில்லை. பிஞ்சைக் காட்ட வேண்டுமென்றால் ஆள்காட்டி விரலை மடக்கி, முட்டியால் காட்டுவோம். நீட்டிய விரலைப் பார்த்தால் பிஞ்சு கூசிப்போய் வாடிவிடுமாம். இத்தனைக்கும் என் தொழில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர். பேப்பர் ஏன் சிக்கியது, நகலில் கோடு ஏன் விழுகிறது என்று காரணம் தேடிக் கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. பெங்களூரில் பாதி ஆபீஸ்களின் மெஷின்களை வயிற்றைப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஆனால் பூசணி என்று வந்துவிட்டால் காரணம் தேட வேண்டியதே இல்லை. யாரோ விரல் நீட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் பெங்களூர் ஜோகுபாளையத்தில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தோம். மாடியில் வீட்டுக்காரர். மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம், பேச்சில் கன்னடம் கலந்து வரும். ரிடையர் ஆன மனிதர். எங்கள் வீட்டுப் பின்கதவைத் திறந்தால் நான்கு கட்டில் போடும் அளவுக்கு மண்தரை, ஓரத்தில் ஒரு துவைக்கிற கல். என் மனைவி அந்த வீட்டுக்குச் சம்மதித்ததே இந்த மண்தரையைப் பார்த்துத்தான். சமையலறை இருட்டு, குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர். இதையெல்லாம் அவள் கண்டுகொள்ளவே இல்லை. பின்கதவைத் திறந்து மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாள். "இது போதும்ங்க" என்றாள்.

ஒரே வருடத்தில் அவள் அங்கே தக்காளி, மிளகாய், கீரை, கொத்தமல்லி எல்லாம் கொண்டுவந்துவிட்டாள். எனக்குத் தெரிந்த தோட்டக்கலை முழுக்க அவள் செய்வதை வேடிக்கை பார்த்துக் கற்றதுதான். அதில் உருப்படியானவற்றைச் சொல்லிவிடுகிறேன், என் கதையைக் கேட்கிறவர்களுக்கு அதுவாவது மிஞ்சட்டும்.

விதை வாங்கும் முன் வெயிலைப் பாருங்கள். அவள் முதல் வாரம் ஒன்றுமே நடவில்லை. காலை எட்டு, பன்னிரண்டு, மூன்று மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று சுண்ணாம்புக்கட்டியால் சுவரில் கோடு போட்டாள். வெயில் நான்கு மணி நேரமாவது அடிக்கிற மூலை தக்காளிக்கு. அதற்குக் குறைவான இடம் கீரைக்கும் கொத்தமல்லிக்கும். கொத்தமல்லி விதையை அப்படியே போட்டால் முளைக்க அடம்பிடிக்கும். தரையில் பரப்பி, பாட்டிலை மேலே உருட்டி இரண்டாக உடைத்துப் போட வேண்டும். மிளகாய் நாற்றைப் பிடுங்கி நடுவதென்றால் சாயங்காலம்தான். காலையில் நட்டால் மத்தியானத்துக்குள் மயங்கி விழுந்துவிடும். அரிசி கழுவிய தண்ணீர் நேராகச் செடிக்கு. மழை விட்ட மறுநாள் நத்தை வரும். மருந்தெல்லாம் வேண்டாம், காலையில் ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு குனிந்து பொறுக்கினால் போதும். குனிகிற வேலை என்னுடையது. எரு கொண்டுவருவதும் என்னுடையதே. மர்பி டவுனில் மாடு வைத்திருந்த ஒருவரிடம் சாக்கில் சாணி வாங்கி, ஸ்கூட்டரில் முன்னால் வைத்து வருவேன். சிக்னலில் என் பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு மே மாதம் வீட்டுக்காரர் கீழே இறங்கி வந்தார்.

"ஏன்ப்பா, மழை வந்தா இந்த மண்ணெல்லாம் சேறாகி மாடிப்படி வரைக்கும் வருது. சிமென்ட் போட்டுடலாம்னு இருக்கேன். கிளீனா இருக்கும்."

என் மனைவியின் முகம் சுருங்கிவிட்டது. "சார், இங்கதான் காய்கறி எல்லாம்..." என்று ஆரம்பித்தாள்.

"எது காய்கறி? இந்தப் புல்லா?" என்றார், கீரைப் பாத்தியைப் பார்த்து. "தக்காளி கோலிக்குண்டு சைஸ்ல இருக்கு. காய்ன்னா கையில எடுத்தா கனக்கணும் ஸ்வாமி."

அந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "பூசணிக்காய் கனக்குமா சார்?" என்று கேட்டுவிட்டேன். "ஆயுத பூஜைக்கு உங்க ஸ்கூட்டருக்கு உடைக்கிற பூசணி இந்த மண்ணுலேர்ந்து வரும். வரலேன்னா நானே சிமென்ட் குழைக்கிறேன்."

பெங்களூரில் ஆயுத பூஜை என்றால் தெருவில் நடக்க முடியாது. சைக்கிள் முதல் லாரி வரை ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு சாம்பல் பூசணி உடைபடும். வீட்டுக்காரருக்கு அவருடைய பழைய ஸ்கூட்டர் மேல் உயிர். அவருக்கு ஆசை வந்துவிட்டது.

"ஒரே ஒரு காய் காட்டு. மேஸ்திரியைத் திருப்பி அனுப்பிடறேன். காட்டலேன்னா பூஜைக்கு முந்தின நாளே சிமென்ட்."

அவர் மாடியேறியதும் மனைவி என்னைப் பார்த்தாள். "என் தோட்டத்த வெச்சு நீங்க ஏங்க பந்தயம் கட்டறீங்க?"

நியாயமான கேள்விதான். நான் விதை வாங்கக் கிளம்பிவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் நான்கு விதை ஊன்றினோம். இரண்டு முளைத்தன, அதில் ஒன்றை நத்தை தின்றது. மிச்சமிருந்த ஒற்றைக் கொடி ஜூலைக்குள் மண்தரையைத் தாண்டி, நான் கட்டிய கயிற்றுப் பந்தலில் ஏறிவிட்டது. ஆகஸ்டில் மஞ்சள் பூக்கள். அதன் பிறகு ஒருநாள் காலை, ஒரு பூவின் அடியில் சுண்டைக்காய் அளவுக்கு, மேலெல்லாம் ரோமத்தோடு ஒரு பச்சைப் பிஞ்சு.

"பிஞ்சு!" என்று கத்தினேன். அந்தக் கத்தல்தான் முதல் தப்பு. மதில் சுவருக்கு மேல் பக்கத்து வீட்டு அக்காவின் தலை எழுந்தது. அக்காவுக்குச் சிவாஜிநகர் மார்க்கெட்டில் காய்கறிக் கடை. "எங்கண்ணா? ஆங், அதோ!" என்று சொல்லி, விரலை நன்றாக, ஈட்டி மாதிரி நீட்டினார்.

மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு மஞ்சளாகி, நுனி அழுகி, விழுந்தது.

அன்றிலிருந்து அக்கா மதில் பக்கம் வந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன். அடுத்துப் பிடித்த பிஞ்சுகளைக் காப்பாற்ற, மெஷின் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, 'விரல் நீட்டாதீர்' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதிப் பந்தலில் தொங்கவிட்டேன். அதைப் படித்த கேஸ் சிலிண்டர்காரர், "எதை சார் நீட்டக் கூடாது? இதையா?" என்று கேட்டுக்கொண்டே பிஞ்சை நோக்கி விரலை நீட்டினார். அதுவும் விழுந்தது.

வீட்டுக்காரர் பார்வையிட வந்தால் நான் உஷார். பின்கதவில் அவர் தலை தெரிந்ததுமே வலது கையில் காபி டம்ளர், இடது கையில் போண்டாத் தட்டு. இரண்டையும் கீழே வைக்க இடம் இல்லாதபடி ஸ்டூலை முன்கூட்டியே உள்ளே தூக்கி வைத்துவிடுவேன். மனிதர் இரண்டு கையும் நிறைந்து நின்றுகொண்டு, "எல்லிப்பா பிஞ்சு? இதா?" என்று காலைத் தூக்கிக் கட்டைவிரலால் காட்டினார். கால் விரலும் கணக்கில் சேருமா என்று யாரைக் கேட்பது? மறுநாள் பிஞ்சு வாடியிருந்தது. சேரும் என்று முடிவு செய்தேன்.

இப்போதுதான் என் தொழில்புத்தி விழித்துக்கொண்டது. எங்கள் வேலையில் முதல் விதி, மெஷினை மூடி வை. தூசியும் கண்ணும் கையும் படாமல் இருந்தால் எதுவும் கெடாது. பரணிலிருந்து, எங்கள் கல்யாணத்துக்கு யாரோ கொடுத்த இரட்டைக் கட்டில் கொசுவலையை இறக்கினேன். பந்தல் முழுக்கப் போர்த்தி, ஓரங்களைச் செங்கல் வைத்து அமுக்கினேன். வெளியிலிருந்து பார்த்தால் பிஞ்சு தெரியாது. தெரியாததை யார் காட்ட முடியும்?

மனைவி பின்கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள்.

"என்னங்க, எல்லாத்தையும் மூடிட்டீங்க. பூச்சி எப்படி வரும்?"

"பூச்சி வரக் கூடாதுன்னுதான் மூடறேன்."

"இல்லங்க, வண்டு, தேனீ எல்லாம் பூவுக்கு வரணும்னு பக்கத்து அக்கா..."

"அந்த அக்கா பேச்சே எடுக்காதே! மொத பிஞ்ச முடிச்சதே அவங்கதான்."

அவள் கதவிலிருந்து நிமிர்ந்தாள். பிறகு, "சரி" என்றாள். இருபது வருடக் குடித்தனம் நடத்திய பிறகு இப்போது எனக்குத் தெரியும், அந்தச் "சரி"க்குச் சம்மதம் என்று அர்த்தம் இல்லை. அப்போது தெரியாது.

செப்டம்பர் முழுக்க நான் ஆபீசுக்குப் போகும் முன் வலைக்குள் தவழ்ந்து போய்ப் பிஞ்சுகளை எண்ணுவேன். திங்கள் மூன்று. புதன் இரண்டு. வெள்ளி பூஜ்யம். ஞாயிறு மறுபடி ஒன்று. வலை போட்ட பிறகும் அழுகுகிறதென்றால் உள்ளே வந்து விரல் நீட்டுவது யார்? சந்தேகம் என் மேலேயே திரும்பியது. எண்ணும்போது நானே விரல் நீட்டுகிறேனோ? இரண்டு கைகளையும் சட்டைப் பைகளில் செருகிக்கொண்டு, முழங்காலால் நகர்ந்து, கண்ணால் மட்டும் எண்ணப் பழகினேன். ஒருமுறை சமநிலை தவறி மூக்கு மண்ணில் குத்தியது. சாணி போட்ட மண்.

வீட்டுக்காரருக்கு நல்ல பொழுதுபோக்கு. மாடி வராந்தாவிலிருந்து குரல் கொடுப்பார்.

"ஏன்ப்பா, உள்ளே என்ன வளர்க்கறே, பூசணியா கொசுவா?"

"வருது சார், வருது."

"உனக்கு எப்ப வரும்? பக்கத்து வீட்டு பாத்ரூம் ஷீட்டு மேல நோடு, பாரு, என்ன காய் புடிச்சிருக்கு! குழந்தை தலை மாதிரி. அந்தம்மா உன்ன மாதிரி பந்தலும் போடல, பலகையும் போடல."

என் பக்கத்திலிருந்து மதிலுக்கு அந்தப் புறம் எதுவும் தெரியாது. ஆனால் வயிறு எரிந்தது. என் பிஞ்சை விரல் நீட்டி அழித்துவிட்டு, தன் காயை மட்டும் ஜம்மென்று வளர்க்கிற அந்த அக்காவின் சாமர்த்தியத்தை மனைவியிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, "ஆமாங்க, நல்ல காய்தான்" என்பாள். நான் புலம்பும்போதெல்லாம் அவளுக்கு அடுப்பில் ஏதாவது வேலை வந்துவிடும். முதுகு மட்டும் லேசாகக் குலுங்கும். அழுகிறாள் என்று நினைத்துச் சமாதானம் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலை மேஸ்திரி வந்துவிட்டார். ஒரு தள்ளுவண்டி மணல், மூன்று சிமென்ட் மூட்டை. வீட்டுக்காரர் மாடி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார், மேட்ச் பார்க்கிற மாதிரி.

வலைக்குள் போனேன். ஒரு பிஞ்சும் இல்லை. வாடிய பூக்கள் மட்டும் தரையில் கிடந்தன. வெளியே வந்தபோது மனைவி தக்காளிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சிமென்ட் போட்டால் அவளுடைய தக்காளி, மிளகாய், கீரை எல்லாம் அதன் அடியில். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவள் கெஞ்சிக் கேட்டாவது பாதி மண்ணைக் காப்பாற்றியிருப்பாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. இருந்த கோபத்தையெல்லாம் கொடியின் மேல் காட்டுவதென்று தீர்மானித்து, வலையைப் பிய்த்து எறிந்தேன். கொடியை அடியில் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன்.

வரவில்லை. பந்தலில் இருந்த பகுதி தளர்ந்து தொங்கியது. ஆனால் ஒரு கிளை மட்டும் வலையின் ஓரத்தில், ஒரு செங்கல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்த சந்து வழியாகப் போய், மதிலில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியிருந்தது. அதை இழுக்கக் காலை மதிலில் ஊன்றினேன்.

"அய்யய்யோ அண்ணா! இழுக்காதீங்க! காய் உருண்டுடும்!"

மதிலுக்கு மேல் அக்காவின் தலை. இன்னொரு பக்கம் என் மனைவி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க! கொடிய விடுங்க!"

"எந்தக் காய்?" என்றேன்.

"எந்தக் காயா? உங்க காய்தான்!" அக்கா ஸ்டூல் போட்டு ஏறியிருக்க வேண்டும், இப்போது இடுப்பு வரை தெரிந்தார். கையை முழுசாக நீட்டி விரலால் காட்டினார். "இதோ உங்க வீட்டு வேர். இப்படியே வருது பாருங்க கொடி. இப்படி மதில். இப்படி எங்க பாத்ரூம் ஷீட்டு. இதோ காய்."

"விரலை மடக்குங்க!" என்று அலறினேன். என்னை அறியாமல் வந்துவிட்டது.

அக்கா ஒரு கணம் விழித்தார். பிறகு சிரித்த சிரிப்பில் ஸ்டூல் ஆடியது. "என்னத்தண்ணா மடக்கறது? ஒரு மாசமா வர்றவன் போறவனுக்கெல்லாம் இந்த விரலாலதான் காட்டிட்டு இருக்கேன். பால்காரன், தபால்காரன், சர்ச்சுக்குப் போறவங்க, மாடியிலிருந்து உங்க ஓனரு... எல்லாரும் காட்டியாச்சு. காய் குண்டாயிட்டேதான் போகுது."

மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா?"

"நான்தாங்க அந்தச் செங்கல எடுத்தேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா அதையும் மூடிடுவீங்க" என்றாள். "இன்னைக்கு மேஸ்திரி வந்ததும் ஓனர் சாரக் கூப்பிட்டு நானே காட்டலாம்னுதான் நின்னுட்டிருந்தேன். அதுக்குள்ள நீங்க கொடியப் புடிச்சுத் தொங்கறீங்க."

மாடியிலிருந்து வீட்டுக்காரர் இறங்கி வந்தார். முகத்தில் வக்கீல் களை. "காய் அவங்க வீட்டுல இருக்கு. நீ சொன்னது இந்த மண்ணு."

"சார், வேர் எந்த மண்ணுல இருக்கு?" என்றாள் என் மனைவி.

"வேர் இங்கதான். ஆனா காய்..."

"உங்க ஸ்கூட்டர் தெருவுல நின்னா தெருவோடதா சார்?"

மேஸ்திரி சிரித்துவிட்டார். வீட்டுக்காரர் அவரை முறைத்தார். பிறகு குனிந்து, வேரிலிருந்து கொடியைக் கையால் தடவிக்கொண்டே மதில் வரை போனார். அங்கிருந்து அக்கா வாங்கித் தடவி, ஷீட்டு வரை போய், காம்பைக் கத்தரித்து, சாம்பல் பூத்த அந்தக் காயை இரண்டு கையாலும் மதில் மேல் வைத்தார். வீட்டுக்காரர் அதைத் தூக்கினார். முழங்கை கொஞ்சம் தணிந்தது.

"கனக்குது" என்றார்.

உடைப்பதற்கு அவருக்கே மனது வரவில்லை. மறுநாள் ஸ்கூட்டருக்கு எலுமிச்சம்பழம் மட்டும் நசுக்கினார். முழுப் பூசணியைப் பெண்கள் முதலில் வெட்டக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் மனைவி அரிவாள்மனையை என் முன்னால் வைத்தாள். அந்தக் காய்க்காக நான் செய்த ஒரே உபயோகமான காரியம் அந்த முதல் வெட்டுத்தான். மூன்று வீட்டிலும் மோர்க்குழம்பு. அக்கா வீட்டுக்குக் கிண்ணம் கொண்டுபோனவன் நான்; ஒன்றரை மாதம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்கத் தெரியாமல், "கொஞ்சம் உப்பு கம்மி" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன். அக்கா அப்போதுதான் சொன்னார்: பூவில் ஆண் வேறு, பெண் வேறு, அடியில் பிஞ்சோடு பூப்பது பெண். தேனீ ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வந்தால்தான் பிஞ்சு நிற்கும், இல்லையென்றால் மூன்று நாளில் அழுகிவிடும். மழைக்காலத்தில் தேனீ குறைவு. காலை எட்டு மணிக்குள் ஆண் பூவைப் பறித்து, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் நாமே தடவிவிடலாம்.

மேஸ்திரி துவைக்கிற கல்லைச் சுற்றி மட்டும் சிமென்ட் பூசினார். மீதி மண்ணாகவே இருந்தது. அந்த வருடம் வலைக்குள் பதினோரு பிஞ்சு பிடித்து, தேனீ வராததால் பதினொன்றும் அழுகின. வலைக்கு வெளியே போன ஒன்று காய்த்தது. அதைத் தெருவே விரல் நீட்டிக் காட்டியது.